குளிர்பெட்டிக்குள் நடக்கும் விலைப்போர்: ஸ்வீடனின் ஸ்னூஸ் சந்தை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடனில் பெட்டிக்கடைக்குப் போனாலும் பெட்ரோல் பங்குக்குப் போனாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு குளிர்பெட்டி நிற்கும். உள்ளே பாலும் இருக்காது, குளிர்பானமும் இருக்காது. உள்ளங்கையில் அடங்கும் வட்ட டப்பாக்கள்தான் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். அவற்றின் விலையை யார், எப்படி முடிவு செய்கிறார்கள் என்று என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்னூஸ் என்பது நம் ஊர் மூக்குப்பொடியா, வாய்ப்புகையிலையா?

வாய்ப்புகையிலைதான், ஆனால் மென்று துப்புவதில்லை. அரைத்த புகையிலையில் தண்ணீர், உப்பு, சோடா, வாசனை சேர்த்து வெப்பத்தில் பதப்படுத்துவார்கள். ஈரமான அந்தப் பொடியை மேல் உதட்டுக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். பாக்கும் சுண்ணாம்பும் கிடையாது. குட்காவோடு இதை ஒரே கூடையில் போடுவது சரியில்லை.

இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று உதிரி. விரலால் அள்ளி, உருட்டி, உதட்டுக்குள் வைப்பது. மற்றது சிறுபை. தேயிலைப் பை போல மெல்லிய உறைக்குள் அளந்து போட்டது. சிறுபை முதலில் வந்தது 1973இல். விரலில் கறை படியாது என்பதாலேயே அலுவலகக்காரர்களும் பெண்களும் இந்தப் பக்கம் வந்தார்கள். சிறுபை டப்பாவின் மூடிக்கு மேல் இன்னொரு குட்டி மூடி இருக்கும். வாயிலிருந்து எடுத்ததைக் குப்பைத்தொட்டி கண்ணில் படும்வரை போட்டு வைக்கும் இடம் அது.

யார் யார் இதை விற்கிறார்கள்?

பழைய பெயர்கள் பெரும்பாலும் ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. 1822இல் பிறந்த எட்டன், 1866இலிருந்து வரும் ஜெனரல், 1919இல் வந்த யோத்தெபோரிஸ் ராப்பே எல்லாம் அதனுடையவை. எட்டன் என்றால் ஸ்வீடிஷில் 'முதலாவது', அதாவது முதல் தரம். தமிழில் எத்தன் என்று எழுதிவிட்டால் பொருள் கெட்டுவிடும் என்பதால் எட்டன் என்றே எழுதுகிறேன். தரத்துக்கு எண் கொடுத்து விற்கும் பழக்கம் இந்தச் சந்தையில் இருநூறு ஆண்டுப் பழசு என்பதை அந்தப் பெயரே சொல்கிறது.

எதிரணியில் மூன்று பெரிய கைகள். மால்மோ நகரின் பழைய ஆலையான ஃபீட்லர் அண்ட் லுண்ட்கிரெனை 2008இல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ வாங்கியது. 2000களின் தொடக்கத்தில் இரண்டு இளம் தொழில்முனைவோர் தொடங்கிய ஸ்க்ரூஃப், படிப்படியாக இம்பீரியல் டொபாக்கோ வசம் போய், 2008இல் முழுவதும் அதனுடையதானது. ஜப்பான் டொபாக்கோவும் களத்தில் இருக்கிறது. உலகெங்கும் சிகரெட் விற்கும் நிறுவனங்கள் எல்லாம் ஸ்வீடனின் இந்தக் குட்டி டப்பாவுக்காக வந்து வரிசையில் நிற்கின்றன.

ஒரே நிறுவனத்துக்கு எப்படி அவ்வளவு பெரிய பங்கு கிடைத்தது?

அரசே தூக்கிக் கொடுத்தது. 1915இல் ஸ்வீடன் அரசு புகையிலைத் தொழில் முழுவதையும் ஏகபோகமாக்கிக்கொண்டது. முதியோர் ஓய்வூதியத்துக்கும் ராணுவச் செலவுக்கும் பணம் தேவைப்பட்டது, காரணம் அவ்வளவுதான். அதுவரை ஊருக்கு ஊர் இருந்த ஆலைகள் ஒரே குடைக்குள் வந்தன. 1919இல் நாட்டில் ஏறத்தாழ 7,000 டன் ஸ்னூஸ் விற்றது. பிறகு சிகரெட் வந்து அதைக் கீழே தள்ளியது.

உற்பத்தி ஏகபோகம் 1961இல் முடிந்தது. ஆனால் சட்டம் போன பிறகும் சந்தை அப்படியே இருந்தது. ஆலைகளும் பெயர்களும் கடைக்காரர்களின் பழக்கமும் பழைய அரசு நிறுவனத்திடமே தங்கிவிட்டன. அது 1992இல் தீப்பெட்டி நிறுவனமான ஸ்வீடிஷ் மேட்சோடு இணைந்து அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. 1996இல் ஸ்டாக்ஹோம் பங்குச்சந்தைக்கு வந்தது. 1999இல் சிகரெட் தொழிலை ஆஸ்திரியா டபாக்குக்கு விற்றுவிட்டு ஸ்னூஸை இறுகப் பிடித்துக்கொண்டது. அன்று பலர் இதைக் கிறுக்குத்தனம் என்றிருப்பார்கள். இன்று பார்த்தால் புகையிலை உலகிலேயே புத்திசாலித்தனமான விற்பனைகளில் ஒன்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2000களின் தொடக்கத்தில் பத்து டப்பாவில் ஒன்பதுக்கு மேல் அதனுடையதுதான். 2010களின் நடுவில் அது ஏழு சொச்சமாகச் சுருங்கியது. அந்த இரண்டு டப்பாவைப் பறித்தது யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

மலிவு ரகங்கள் எப்போது வந்தன? ஏன் வந்தன?

2000களின் நடுவிலிருந்து வேகம் பிடித்தன. போட்டியாளர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஜெனரலின் ருசிக்குப் பழகிய நாக்கை மாற்றுவது கடினம். தாத்தா, அப்பா, மகன் என்று ஒரே டப்பா மூன்று தலைமுறை போகும் நாடு அது. விளம்பரமும் செய்ய முடியாது. மிஞ்சியது விலை ஒன்றுதான். ஃபீட்லர் அண்ட் லுண்ட்கிரென் கிரானிட் என்ற பெயரில் மலிவு டப்பாவை இறக்கியது. ஸ்க்ரூஃப் தன் பெயரை உயர்ந்த ரகத்துக்கு வைத்துக்கொண்டு, மலிவுக்கு நாக்ஸ் என்று இன்னொன்றைத் தொடங்கியது.

ஸ்வீடிஷ் மேட்ச் என்ன செய்தது? ஜெனரலின் விலையைக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் விற்கும் ஒவ்வொரு டப்பாவிலும் லாபம் போயிருக்கும். அதற்குப் பதில் குரோனன், காலிபர் என்று தானே மலிவுப் பெயர்களை இறக்கியது. தன் வீட்டுப் பிள்ளையை விட்டே எதிரியை அடிப்பது இது. சோப்பு, ஷாம்பு விற்பவர்கள் நெடுநாளாகச் செய்யும் வேலைதான். ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. குரோனன் விற்கும்போது கிரானிட்டிடமிருந்து மட்டும் வாடிக்கையாளர் வருவதில்லை, ஜெனரலிடமிருந்தும் இறங்கி வருகிறார்கள். பங்கைக் காப்பாற்றலாம், சராசரி விலையைக் காப்பாற்ற முடியாது.

விலையில் வரி எவ்வளவு?

எல்லாம் இங்கேதான் முடிச்சுப் போட்டிருக்கிறது, எனவே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

ஸ்வீடனில் ஸ்னூஸ் கலால் வரி விலையின் மீது இல்லை, எடையின் மீது. கிலோவுக்கு இத்தனை குரோனா (ஸ்வீடன் பணம்). அதற்கு மேல் 25 சதவீத மதிப்புக் கூட்டு வரி, கலால் வரியையும் சேர்த்துக் கணக்கிட்டு வாங்குவார்கள். வரிக்கு மேல் வரி.

2006 வரை கிலோவுக்கு 123 குரோனாவாக இருந்தது 2007 தொடக்கத்தில் 246 ஆனது, அப்படியே இரட்டிப்பு. 2008இல் 336. அன்றைய 50 கிராம் உதிரி டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் அதன் மீது கலால் வரி 6.15 குரோனா. 2008இல் 16.80 குரோனா. மதிப்புக் கூட்டு வரியையும் சேர்த்தால் 7.69இலிருந்து 21 குரோனா. ஆலையில் எதுவும் மாறவில்லை. அதே புகையிலை, அதே உப்பு.

அந்த இரண்டு டிசம்பர் மாதங்களிலும் மக்கள் உருளை உருளையாக வாங்கி வீட்டு உறைபெட்டியில் அடுக்கினார்கள். பத்து டப்பாவை ஒன்றாகச் சுற்றிய கட்டைத்தான் உருளை என்கிறேன். உறைய வைத்தால் ஸ்னூஸ் கெடாது. மீனுக்கும் உறைந்த பட்டாணிக்கும் இடையில் மூன்று மாதச் சரக்கு. ஆண்டு இறுதியில் விற்பனை பொங்குவதும் ஜனவரியில் விழுவதும் நிறுவனக் கணக்குகளில் அப்படியே தெரிந்தன.

எடை வரி மலிவு ரகத்துக்குச் சாதகமா, உயர்ந்த ரகத்துக்கா?

பாடப் புத்தகம் கேட்டால் உயர்ந்த ரகத்துக்கு என்று சொல்லும். கணக்கைப் பாருங்கள். 24 கிராம் சிறுபை டப்பா இரண்டு. கிலோவுக்கு 336 என்றால் வரி இரண்டுக்கும் ஏறத்தாழ 8 குரோனா. ஆலையும் கடையும் சேர்ந்து எடுப்பது ஒன்றில் 10, இன்னொன்றில் 25 என்று வைத்துக்கொள்வோம் (இந்த இரண்டு எண்களும் என் கற்பனை). கடைசி விலை 22.50, 41.25. வரிக்கு முன்னால் இரண்டரை மடங்காக இருந்த வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிட்டது.

இப்போது வரியை 4 குரோனா ஏற்றுங்கள். 27.50, 46.25. மலிவு டப்பா 22 சதவீதம் ஏறிவிட்டது, உயர்ந்தது 12 சதவீதம்தான். ஆக, மலிவுக்காரருக்குத்தான் அடி என்று தோன்றும்.

ஆனால் நடந்தது வேறு. வரி ஏற ஏற ஜனங்கள் மலிவு டப்பாவுக்கு இறங்கினார்கள். கல்லாவில் நிற்பவர் சதவீதம் பார்ப்பதில்லை, மாதச் செலவைப் பார்க்கிறார். நாளுக்கு ஒரு டப்பா போடுகிறவருக்கு அந்த 18.75 குரோனா வித்தியாசம் மாதத்துக்கு 560 குரோனாவுக்கு மேல். வரி ஏறாதவரை அவர் அந்தக் கணக்கைப் போட்டிருக்கமாட்டார். ஏறிய அன்று போட்டார். போட்ட பிறகு மறக்கவில்லை. வரியேற்றம் விலை வித்தியாசத்தைக் கூட்டவில்லை, அதைக் கண்ணுக்குக் காட்டியது என்பதுதான் என் கருத்து.

டப்பா அதேதான், உள்ளே சரக்குக் குறைந்துவிட்டது என்கிறார்களே?

உண்மை. உதிரி டப்பா முன்பு 50 கிராம். பிறகு 45 ஆனது, 42 ஆனது. நம் ஊர் பிஸ்கட் பாக்கெட்டுக்கு நடப்பதுதான். ஆனால் இங்கே நிறுவனத்துக்குக் கூடுதல் நியாயம் ஒன்று உண்டு. எடை குறைந்தால் வரியும் குறைகிறது. 336 குரோனா வீதத்தில் 8 கிராம் குறைத்தால் கலால் வரியில் மட்டும் 2.69 குரோனா மிச்சம்.

ஸ்னூஸில் ஏறத்தாழ பாதி தண்ணீர் என்பதையும் நினைவில் வையுங்கள். எடைக்கு வரி என்றால் தண்ணீருக்கும் வரி. உலர்ந்த வெள்ளைச் சிறுபைகளும், ஒரு கிராமுக்குப் பதில் அரை கிராம் எடையுள்ள மினி பைகளும் பெருகியதற்கு ருசி ஒரு காரணம். எடை வரி இன்னொரு காரணம். அரை கிராம் பை இருபது போட்டால் 10 கிராம், அதே வீதத்தில் 3.36 குரோனா வரி. டப்பா அதே வட்டம், கடை விலை அதே உயரத்துக்குப் பக்கத்தில். இந்த இடத்தில் லாபம் எங்கே போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடி வாங்கியவர் உதிரி போடும் கிழவர்தான். அவருடைய டப்பா கனமானது.

விளம்பரமே கூடாது என்றால் போட்டி எங்கே நடக்கிறது?

அந்தக் குளிர்பெட்டிக்குள். தொலைக்காட்சி, செய்தித்தாள், சுவரொட்டி எதிலும் புகையிலை விளம்பரம் கூடாது. கடைக்குள் மட்டும் அடக்கமாக, கண்ணை உறுத்தாமல் தகவல் சொல்லலாம். ஆகவே வாடிக்கையாளர் கண்ணில் படுவது மூன்றே விஷயங்கள்: டப்பா, அது எந்தத் தட்டில் இருக்கிறது, தட்டின் விளிம்பில் ஒட்டிய விலைச்சீட்டு. புதிதாக வந்த ஒரு மலிவு ரகம் 'நான் இருக்கிறேன், நான் குறைந்த விலை' என்று சொல்ல அந்தச் சீட்டை விட்டால் வேறு வாய் இல்லை.

குளிர்பெட்டி யாருடையது என்பதில்தான் சூட்சுமம். கடைகளுக்குப் பெட்டியைக் கொடுப்பது பெரும்பாலும் ஸ்வீடிஷ் மேட்ச். அதற்குள்தான் போட்டியாளர் சரக்கும் இருக்கும். எதிரி வீட்டுத் திண்ணையில் கடை போட்ட கதை.

விலைச்சீட்டு வழக்கு என்கிறார்களே, அது என்ன?

2012இல் ஸ்வீடிஷ் மேட்ச் தன் குளிர்பெட்டிகளுக்கு ஒரு சீட்டு ஒழுங்கைக் கொண்டுவந்தது. போட்டியாளர்களின் பளிச்சென்ற விலைச்சீட்டுகள் போய், ஒரே மாதிரியான சாம்பல் நிறச் சீட்டுகள் வந்தன. கேட்கச் சின்ன விஷயம். நான் முதலில் படித்தபோது ஒரு காகிதத் துண்டுக்காகவா நீதிமன்றம் என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தப் பெட்டியைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். ஐந்தாறு தட்டு, தட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு டப்பா, எல்லாம் வட்டம், மேலிருந்து பார்த்தால் மூடிதான் தெரியும், பின்னால் வரிசையில் நான்கு பேர். வாங்குகிறவருக்குக் கிடைப்பது சில நொடிகள். அந்த நொடிகளில் 'குறைந்த விலை' என்று ஒரு நிறம் கூப்பிட்டால் கை அங்கே போகும். எல்லாமே சாம்பல் என்றால் கை பழகிய இடத்துக்குப் போகும். பழகிய இடம் யாருடையது என்று மேலே பார்த்துவிட்டோம்.

ஸ்வீடனின் போட்டி ஆணையம் இதைச் சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்திய செயல் என்று கருதி 2014 இறுதியில் வழக்குப் போட்டது. 2017இல் ஸ்டாக்ஹோம் மாவட்ட நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் சாய்ந்து ஏறத்தாழ 38 மில்லியன் குரோனா, அதாவது மூன்று கோடியே எண்பது லட்சம் குரோனா, கட்டச் சொன்னது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2018இல் காப்புரிமை மற்றும் சந்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அபராதமும் போனது.

யார் சொன்னது சரி? சட்டப்படி மேல் நீதிமன்றம் சொன்னதுதான் முடிவு, அதில் மறுபேச்சில்லை. வணிகமாகப் பார்த்தால், விளம்பரம் தடைசெய்யப்பட்ட சந்தையில் ஒரு விலைச்சீட்டுக்கு இத்தனை மதிப்பு என்பதை இரு தரப்பும் வழக்கறிஞர் வைத்து நிரூபித்துவிட்டார்கள். ஒன்றுக்கும் ஆகாத சீட்டுக்காக யாரும் ஆறு ஆண்டு சண்டை போடுவதில்லை.

இதுபோல வேறு நாட்டில் நடந்திருக்கிறதா?

அமெரிக்காவில் இதைவிட முரட்டுத்தனமாக நடந்தது. ஈரப்பொடிப் புகையிலைச் சந்தையின் தலைவரான யுனைட்டட் ஸ்டேட்ஸ் டொபாக்கோவின் ஆட்கள் கடைகளிலிருந்து கான்வுட் நிறுவனத்தின் தட்டுகளையே கழற்றி எறிந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2000இல் நடுவர் குழு 350 மில்லியன் டாலர் இழப்பீடு என்றது. அங்கே போட்டிச் சட்டப்படி அது மூன்று மடங்காகி 1.05 பில்லியன் டாலரானது. 2002இல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே தட்டு, இங்கே சீட்டு.

ஒரே டப்பா கடைக்குக் கடை ஏன் வேறு விலை?

நம் ஊர்ப் பாக்கெட்டில் அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்கும். ஸ்வீடனில் அப்படி எதுவும் டப்பாவில் இல்லை. கடைக்காரர் தன் விருப்பப்படி விலை வைக்கலாம். தயாரிப்பாளர் பரிந்துரைக்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது.

எனவே ரயில் நிலையத்தில் ஒரு விலை, புறநகர் பேரங்காடியில் ஒரு விலை, இணையக் கடையில் இன்னொரு விலை. பொதுவாக இன்று ஒரு டப்பா ஏறத்தாழ 30 குரோனாவிலிருந்து 60 குரோனா வரை போகிறது. கீழ்முனையில் இணையத்தில் உருளையாக வாங்கும் மலிவு ரகம். மேல்முனையில் இரவு பதினொரு மணிக்கு அவசரத்தில் ஒற்றை டப்பாவாக வாங்கும் உயர்ந்த ரகம்.

இணையக் கடைகள் இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டன. ஸ்னூஸ்போலாகெட், நார்தர்னர் போன்ற கடைகளை நடத்தும் ஹேப் குழுமம் 2021இல் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது. அங்கே குளிர்பெட்டி கிடையாது. விலைவாரியாக வரிசைப்படுத்து என்று ஒரு சொடுக்கு, மலிவு ரகம் தானாக மேலே வந்து நிற்கும். சாம்பல் சீட்டு ஒட்ட இடமில்லை. ஆனால் திரையில் முதல் வரிசை யாருக்கு என்ற புதிய கேள்வி முளைத்திருக்கிறது. திண்ணை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்வீடனுக்கு வெளியே விற்கக் கூடாதாமே?

ஐரோப்பிய ஒன்றியம் 1992இல் வாயில் அடக்கும் புகையிலையைத் தடை செய்தது. 1995இல் ஒன்றியத்தில் சேரும்போது ஸ்வீடன் தனக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டது. தடையை எதிர்த்து இரண்டு முறை நீதிமன்றம் போனார்கள், 2004இலும் 2018இலும் வந்த தீர்ப்புகளில் தடையே நிலைத்தது. சிகரெட் விற்கலாம், இது கூடாது என்பதில் என்ன தர்க்கம் என்று ஸ்வீடன்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

இதனால் எல்லையோர ஊர்களுக்குக் கொண்டாட்டம். ஒன்றியத்தில் இல்லாத நார்வேயில் ஸ்னூஸ் சட்டப்படி விற்கிறது, ஆனால் விலை அதிகம். எனவே அவர்கள் ஸ்வீனெசுண்ட் பாலத்தைத் தாண்டி ஸ்ட்ரொம்ஸ்டாட் பக்கம் வந்து இறைச்சியோடும் மிட்டாயோடும் ஸ்னூஸையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். பின்லாந்துக்காரர்களுக்கோ சொந்த நாட்டில் கடையே இல்லை. எல்லையில் உள்ள ஹபரண்டாதான் கதி. இப்படி வெளியாட்கள் வாங்குவதும் ஸ்வீடன் கணக்கிலேயே சேர்வதால், விற்பனை எண்ணை மக்கள்தொகையால் வகுத்து முடிவுக்கு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

நார்வேயில் டப்பாவுக்கே நிறம் கிடையாதாமே?

ஆமாம். 2017, 2018இல் எல்லா டப்பாவும் ஒரே மங்கிய நிறத்துக்கு மாறின, பெயர் மட்டும் ஒரே எழுத்தில். ஸ்வீடிஷ் மேட்ச் ஓஸ்லோ நீதிமன்றத்தில் தடை கேட்டுத் தோற்றது. சாம்பல் சீட்டை எதிராளிக்கு ஒட்டிய நிறுவனம் தன் டப்பாவே மங்கியபோது நீதிமன்றம் போனது என்பதைப் படித்துச் சிரித்தேன்.

சின், வெலோ போன்ற வெள்ளைப் பைகள் வந்த பிறகு என்ன ஆனது?

இவற்றில் புகையிலை இல்லை. தாவர நார், நிகோடின், வாசனை. பல்லில் கறை இல்லை, வாயில் பழுப்பு நீர் இல்லை. ஸ்வீடிஷ் மேட்சின் சின் 2014இல் அமெரிக்காவில் கிளம்பி 2016இல் ஸ்வீடனுக்கு வந்தது. பிரிட்டிஷ் அமெரிக்கனின் லிஃப்ட் பின்னர் வெலோ என்று பெயர் மாறியது. ஜப்பான் டொபாக்கோவுக்கு நார்டிக் ஸ்பிரிட்.

விலைப்போரைப் பொறுத்தவரை இது புதுக் களம். பழைய ஸ்னூஸில் இருநூறு ஆண்டு முன்னோட்டம் இருந்தவர்களுக்கு இங்கே அது உதவவில்லை. இருபது வயதுக்காரருக்குத் தாத்தாவின் டப்பா வேண்டாம். பத்து டப்பாவில் ஒன்பது என்ற பழைய கதை இங்கே தொடக்கத்திலிருந்தே இல்லை.

வரியும் வேறு. 2018இல் இவற்றுக்குத் தனி வரி வந்தபோது கிலோவுக்கு 200 குரோனா. அப்போது புகையிலை ஸ்னூஸுக்கு 400ஐத் தாண்டியிருந்தது. வீதமும் பாதிக்குக் கீழ், பையும் எடை குறைவு. 14 கிராம் டப்பாவுக்கு 2.80 குரோனாதான் வரி. ஆனால் கடையில் அதன் விலை ஸ்னூஸுக்குச் சமமாக, சில இடங்களில் அதிகமாகவே நின்றது. நிறுவனங்கள் ஏன் இந்தப் பக்கம் ஓடின என்பதற்குச் சுகாதாரக் காரணங்களை மட்டும் சொல்லும் அறிக்கைகளைப் படிக்கும்போது இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

2022 ஆகஸ்டில்தான் இவற்றுக்கென்று தனிச் சட்டம் வந்து 18 வயது வரம்பும் எச்சரிக்கை வாசகமும் கட்டாயமாயின.

ஸ்வீடிஷ் மேட்சை அமெரிக்க சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ் வாங்கியதால் விலை ஏறுமா?

2022 மே மாதம் பங்குக்கு 106 குரோனா என்று கேட்டார்கள். போதாது என்று சில பெரிய பங்குதாரர்கள் முறுக்கிக்கொள்ள, அக்டோபரில் 116 ஆக்கினார்கள். ஏறத்தாழ 16 பில்லியன் டாலர் பேரம். ஆண்டு முடிவில் ஸ்வீடிஷ் மேட்ச் பங்குச்சந்தையிலிருந்து விடைபெற்றது. பேரத்துக்கு முக்கியக் காரணம் அமெரிக்காவில் சின்னுக்குக் கிடைத்த வரவேற்பு. ஸ்டாக்ஹோம் பெட்டிக்கடை அவர்களுக்கு இரண்டாம்பட்சம்.

ஆனால் ஐரோப்பிய ஆணையம் போட்ட நிபந்தனை பெட்டிக்கடையைப் பற்றியதுதான். ஸ்வீடிஷ் மேட்சின் விநியோக நிறுவனம் போட்டியாளர்களின் சரக்கையும் சுமந்து கடைகளுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அதை விற்றுவிட்டு வா என்றார்கள். எதிராளியின் வண்டியில் உன் சரக்கு போனால், எந்தக் கடைக்கு எத்தனை டப்பா போகிறது என்பது அவனுக்குத் தெரியும் அல்லவா? விலை ஏறுமா என்று கேட்டவர்களுக்கு: ஏறினால் உரிமையாளர் மாற்றத்தைவிட வரியும் புகையிலை விலையும்தான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

வரி எப்போதாவது குறைந்திருக்கிறதா?

2024 நவம்பர் 1 அன்று ஸ்னூஸ் வரியை 20 சதவீதம் குறைத்தார்கள். அதே நாளில் சிகரெட் வரியை ஏற்றினார்கள். புகைப்பவரைப் புகையாத பக்கம் தள்ளுவது நோக்கம் என்றார்கள். எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஏறும்போது மறுநாளே கடையில் தெரியும் வரி, இறங்கும்போது எவ்வளவு நிதானமாக வந்து சேரும் என்பதைக் கல்லாவில் நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

உண்டு. நிகோடின் அடிமையாக்கும், ஈறு கெடும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. புகையற்ற புகையிலையைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் வைத்திருக்கிறது. சிகரெட்டோடு ஒப்பிட்டால் ஆபத்துக் குறைவு என்பது வேறு விஷயம். 2019இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஜெனரல் ஸ்னூஸுக்கு அந்த ஒப்பீட்டு வாசகத்தைப் போட அனுமதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகக் குறைவாகப் புகைப்பவர்கள் ஸ்வீடன்காரர்கள் என்பதும் உண்மை. இதைப் படித்துவிட்டு யாரும் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

இந்த ஸ்வீடிஷ் மேட்சுக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு, ஆனால் ஸ்னூஸால் இல்லை, தீக்குச்சியால். ஸ்வீடன் தொழிலதிபர் ஈவார் க்ரூகர் உலகெங்கும் தீப்பெட்டி ஏகபோகம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1923இல், ஸ்வீடிஷ் மேட்ச் இந்தியாவில் தொடங்கியதுதான் விம்கோ. அதன் ஆலைகளில் ஒன்று திருவொற்றியூரில் இருந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில்தான் கல்கத்தாவில் தொழில் கற்று வந்த அய்யநாடாரும் சண்முகநாடாரும் சிவகாசியில் கையால் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். பின்னாளில் கைத்தொழில் தீப்பெட்டிக்குக் கலால் வரிச் சலுகை கிடைத்தது, இயந்திரத் தீப்பெட்டிக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சில பைசா வித்தியாசத்தை வைத்துச் சிவகாசி விம்கோவைத் திணற அடித்தது. 2005இல் ஸ்வீடிஷ் மேட்ச் விம்கோவை ஐ.டி.சி.யிடம் விற்றுவிட்டுப் போனது. பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. 2021 பிப்ரவரியிலிருந்து வண்ணாரப்பேட்டையைத் தாண்டி நீளும் மெட்ரோ ரயிலில் ஏறினால் 'விம்கோ நகர்' என்று அறிவிப்பு வருகிறது.